கலைந்ததும் கலைத்ததும்: இந்தியக் கருக்கலைப்புச் சட்ட வரலாற்றில் பெண்ணின் நலமும் அந்தரங்கமும் உரிமையும்

1. முன்னுரை

இந்தியாவில் கருக்கலைப்பு 1971ஆம் ஆண்டில் சட்டப்படி ஏற்கப்பட்டது என்று பொதுவாக எழுதப்பெறுகிறது. இக்கூற்று ஓரளவுக்கே உண்மையாகும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றமென வகுத்த செயலை 1971ஆம் ஆண்டுச் சட்டம் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு அச்செயலைச் செய்யும் பதிவுபெற்ற மருத்துவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே அளித்தது. குற்றம் என்பது பொதுவிதியாகவும் அனுமதி என்பது அதன் புறனடையாகவும் அமைந்தன. பொதுவிதி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எவ்வாறு நீடித்தது, புறனடை எவருடைய காப்புக்காக வகுக்கப்பட்டது, இவ்விரண்டுக்கும் இடையே கருவுற்ற பெண்ணின் உடல்நலமும் அந்தரங்கமும் உரிமையும் எந்நிலையில் நின்றன என்பனவற்றை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது.

2. சொல்லும் பொருளும்

சட்டத்தை ஆராயுமுன் சொற்களை ஆராய்தல் இப்பொருளில் இன்றியமையாதது. தமிழில் கலை என்னும் வினையடி தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். ‘கரு கலைந்தது’ என்பது தானே நிகழ்ந்ததைக் குறிக்கும்; ‘கருவைக் கலைத்தாள்’ என்பது ஒருவர் செய்ததைக் குறிக்கும். ‘சிதைந்தது’, ‘சிதைத்தது’ என்பனவும் இவ்வாறே. ஆனால் ‘கருச்சிதைவு’ என்னும் பெயர்ச்சொல்லில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. தானே நேர்ந்த இழப்பையும் வேண்டிச் செய்த செயலையும் அச்சொல் ஒருங்கே சுட்டும். ‘கருக்கலைப்பு’ என்பதோ செயலை மட்டும் சுட்டும்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட 1860ஆம் ஆண்டுச் சட்டமும் இதே இருபொருள் நிலையையே மேற்கொண்டது. இயல்பான கரு இழப்பைக் குறிக்க மக்கள் வழக்கிலிருந்த சொல்லையே அது குற்றத்தின் பெயராகவும் கொண்டது. ‘வேண்டுமென்றே’ என்னும் அடைமொழி ஒன்றே குற்றத்தையும் இயற்கையையும் பிரித்தது. கலைந்ததா, கலைக்கப்பட்டதா என்னும் வினாவுக்கு உடலின் புறத்தோற்றம் பெரும்பாலும் விடை தருவதில்லை. அதனை அறிந்தவள் அப்பெண் ஒருத்தியே. ஆகவே இக்குற்றத்தைப் புலனாய்வு செய்வது என்பது அவளது உடலையும் வாய்மொழியையும் துருவி ஆராய்வது என்றே முடியும். அந்தரங்க உரிமை பற்றிய சிக்கல் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததன்று. சட்டத்தின் முதற்சொல்லிலேயே அது உள்ளடங்கியிருந்தது.

பழந்தமிழ் இலக்கியத்தில் இக்கருத்து இடம்பெறும் முறை ஒப்பிடத்தக்கது. ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 34ஆம் பாடல் பெரும் பாவங்கள் சிலவற்றை அடுக்கி, அவற்றுக்கெல்லாம் கழுவாய் உண்டு, நன்றி கொன்றார்க்கு உய்வில்லை என்று கூறுகிறது. அவ்வடுக்கில் மகளிரின் கருவைச் சிதைத்தோரும் இடம்பெறுகின்றனர். அங்கே மகளிர் தீங்குக்கு உள்ளானவர்களாகவும் சிதைத்தோர் பிறராகவும் நிற்பதாகப் பொருள்கொள்ள இடமுண்டு. தன் கருவைத் தானே நீக்கிக்கொண்ட பெண்ணைக் குற்றவாளியாக நிறுத்தும் தெளிவான விதியை இந்தியா முழுமைக்குமாக எழுதி வைத்தது ஆங்கிலேயர் கொணர்ந்த தண்டனைச் சட்டமேயாகும்.

3. 1860ஆம் ஆண்டின் பொதுவிதி

இங்கிலாந்தில் கருக்கலைப்பு 1803இல் எல்லன்பரோ பிரபுவின் சட்டத்தால் முதன்முதலாக நாடாளுமன்றச் சட்டத்தின் வழிக் குற்றமாயிற்று. இந்தியாவில் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் அளித்த தண்டனைச் சட்ட வரைவு இக்குற்றத்தைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அவ்வரைவின் குறிப்புரையில் ஆணையத்தார் ஓர் அச்சத்தை வெளிப்படையாகவே தெரிவித்தனர். இத்தகைய சட்டம் எதுவும் இந்நாட்டில் தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்றும், குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படாவிடினும் குடும்பத்தின் மானத்தில் அது கறையாக நின்றுவிடும் என்றும், நெறியற்றோர் கையில் பொய்க்குற்றச்சாட்டு வலிய கருவியாகும் என்றும் அவர்கள் கருதினர். சட்டத்தை வரைந்தவர்களே அதன் தீங்கை முன்னுணர்ந்திருந்தனர் என்பது கருதத்தக்கது. ஆனால் அவர்கள் கண்ட தீங்கு குடும்ப மானத்துக்கு நேர்வது. பெண்ணின் உயிருக்கு நேர்வது அவர்தம் பார்வையில் முதன்மை பெறவில்லை.

இவ்வரைவு திருத்தங்களுடன் 1860இல் சட்டமாகி, 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 312ஆம் பிரிவு, வேண்டுமென்றே கருச்சிதைவு செய்விப்போருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என விதித்தது. சிசுவின் அசைவு உணரப்பட்ட நிலையாயின் தண்டனை 7 ஆண்டு வரை உயரும். பெண்ணின் உயிரைக் காக்கும் நோக்குடன் நல்லெண்ணத்தில் செய்யப்படுவது மட்டுமே விலக்குப் பெற்றது. தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்குள் அடங்குவாள் என்று அதன் விளக்கம் ஐயத்திற்கு இடமின்றிக் கூறியது. பெண்ணின் இசைவின்றிச் செய்வதற்கு 313ஆம் பிரிவும், அம்முயற்சியில் பெண் இறந்தால் 314ஆம் பிரிவும் கடுந்தண்டனை வகுத்தன. பிறந்த மகவின் உடலை மறைவாக அகற்றிப் பிறப்பை மறைப்பது 318ஆம் பிரிவின்படித் தனிக்குற்றமாயிற்று.

இப்பிரிவுகளில் இரு கூறுகள் ஆராயத்தக்கன. முதலாவது, தண்டனையின் அளவை மாற்றும் எல்லைக்கோடாகச் சிசுவின் அசைவு கொள்ளப்பட்டது. அவ்வசைவை முதலில் உணர்பவள் தாய். அவள் மட்டுமே அறியக்கூடிய ஓர் உணர்வை அவளுக்கு எதிரான சான்றாகச் சட்டம் ஆக்கியது. இரண்டாவது, விலக்கு உயிரைக் காப்பதற்கு மட்டுமே தரப்பட்டது. உடல்நலத்தைக் காப்பதற்குத் தரப்படவில்லை. உயிருக்கு ஆபத்து எப்போது தொடங்குகிறது என்று முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவரிடமும், அம்முடிவு நல்லெண்ணத்தில் எடுக்கப்பட்டதா என்று பின்னர்த் தீர்மானிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமும் இருந்தன. இந்நிலையில் தயங்கிக் காத்திருப்பதே மருத்துவருக்குப் பாதுகாப்பான வழியாயிற்று.

4. மறைவில் நிகழ்ந்தவை

சட்டம் தடுத்ததனால் செயல் நின்றுவிடவில்லை, மறைவிடத்திற்குப் பெயர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் சட்ட மருத்துவ நூல்கள் இதற்குச் சான்றாகின்றன. நார்மன் செவர்ஸ் இந்தியாவுக்கென எழுதிய சட்ட மருத்துவக் கையேடு 1856இல் வெளிவந்தது. கருக்கலைப்புக்குப் பயன்படுத்தப்பட்ட தாவரப் பொருள்களை அது விரிவாகப் பேசுகிறது. கொடிவேலியின் வேரும் எருக்கின் பாலும் தடவிய குச்சியைக் கருப்பையின் வாயிலில் செருகும் முறை பிற்காலச் சட்ட மருத்துவ நூல்களிலும் தொடர்ந்து இடம்பெற்றது. இவை கருப்பையைப் புண்ணாக்கி நஞ்சேறச் செய்வன. இந்நூல்களின் நோக்கம் குற்றத்தைக் கண்டறிய மருத்துவருக்குத் துணைசெய்வது. ஆகவே பெண்ணின் உடல் அவற்றில் நோயுற்ற உடலாகவன்றிச் சான்றுப் பொருளாகவே பதிவாகியுள்ளது.

இச்சட்டத்தின் சுமை எல்லாப் பெண்கள் மீதும் ஒரே அளவில் விழவில்லை. மறுமணம் மறுக்கப்பட்ட உயர்சாதி இளம் கைம்பெண்களே பெரிதும் ஐயத்துக்கு உள்ளாயினர். 1856ஆம் ஆண்டின் கைம்பெண் மறுமணச் சட்டம் மணத்துக்கு வழிவிட்டதேயன்றி வழக்கத்தை மாற்றவில்லை. கைம்பெண்ணின் கருப்பம் ஊரறிந்தால் சாதி விலக்கம். கலைத்தாலோ பிறந்த மகவைக் கொன்றாலோ சிறை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்றைக் காண முயன்றவர் சோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் ஆவர். அவர்கள் 1863இல் புனேயில் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கி, கைம்பெண்கள் மறைவாக வந்து மகப்பேறு பெற வழிசெய்தனர். அங்கே பிறந்த கைம்பெண் ஒருத்தியின் மகனையே தத்தெடுத்து வளர்த்தனர். பெண்ணின் நலம் காக்க முதலில் வேண்டுவது அவளது மறைவைக் காப்பதே என்னும் உண்மையைச் செயலில் காட்டிய முயற்சி இதுவெனலாம்.

1881இல் சூரத்தில் இளம் பிராமணக் கைம்பெண் ஒருத்திக்குச் சிசுக்கொலைக் குற்றத்திற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அத்தண்டனை குறைக்கப்பட்டது. இவ்வழக்கையொட்டிப் பெண்களின் ஒழுக்கம் பற்றி இதழ்களில் எழுந்த கண்டனங்களுக்கு விடையாகவே தாராபாய் சிண்டே 1882இல் ‘ஸ்திரீ புருஷ துலனா’ என்னும் மராத்தி நூலை எழுதினார். கருவுக்குக் காரணமான ஆண் வழக்குமன்றத்தில் எங்கும் காணப்படாமையை அந்நூல் வினவியது. தண்டனைச் சட்டத்தின் சொல்லாட்சியிலும் இக்குறை உண்டு. கலைத்தவரையும் கலைத்துக்கொண்டவளையும் அது பெயரிட்டு அழைக்கிறது. கருவுறச் செய்து கைவிட்டவனுக்கு அப்பிரிவில் இடமில்லை.

5. சாந்திலால் ஷா குழு

விடுதலைக்குப் பின்னும் 312ஆம் பிரிவு மாற்றமின்றித் தொடர்ந்தது. மாற்றத்துக்கான தூண்டுதல் இரு திசைகளிலிருந்து வந்தது. அறைகுறை முறைகளால் நஞ்சேறி மருத்துவமனைக்கு வந்த பெண்களைக் கண்ட மருத்துவர்கள் ஒருபுறம்; மக்கள்தொகைப் பெருக்கம் குறித்துக் கவலையுற்ற திட்டமிடுவோர் மறுபுறம். 1964இல் நடுவண் அரசு, அப்போது மராட்டிய மாநிலத்தின் சுகாதார அமைச்சராக இருந்த சாந்திலால் ஷா தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1966 திசம்பரில் அளிக்கப்பட்டது.

50 கோடி மக்கள் உள்ள நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 65 இலட்சம் கருச்சிதைவுகள் நிகழக்கூடும் என்றும், அவற்றுள் 26 இலட்சம் இயல்பாகக் கலைந்தவை, 39 இலட்சம் கலைக்கப்பட்டவை என்றும் குழு மதிப்பிட்டது. இது எண்ணிக் கண்ட தொகையன்று. கணித்துப் பெற்ற தொகை. குற்றமென வகுக்கப்பட்ட செயல் பதிவேடுகளில் இடம்பெறாது. பதிவில் இல்லாததை எண்ணவும் இயலாது. ஒரு நாட்டின் பெண்கள் எதனால் இறக்கின்றனர் என்பதையே அரசு அறியவொண்ணாத நிலையைச் சட்டம் உருவாக்கியிருந்தது. மதிப்பீட்டின் துல்லியம் எவ்வாறாயினும், இலட்சக்கணக்கானோர் செய்யும் செயலைத் தண்டனைச் சட்டத்தால் தடுக்க இயலவில்லை என்பதையும், தடையின் விலையைப் பெண்களே செலுத்தி வந்தனர் என்பதையும் அது வெளிப்படுத்தியது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. இரு மருத்துவர்களின் கருத்தை அடிப்படையாகக் கொண்ட அதன் அமைப்பு இந்தியச் சட்ட வரைவிலும் எதிரொலித்தது. பழைய தடையும் புதிய தளர்வும் ஆகிய இரண்டும் ஒரே மூலத்தின் சாயலைக் கொண்டிருந்தன.

6. 1971ஆம் ஆண்டின் புறனடை

மருத்துவ முறையில் கருவுற்ற நிலையை முடிவுறுத்தும் சட்டம் 1971 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயரிலேயே கருச்சிதைவு என்னும் சொல் தவிர்க்கப்பட்டது. தண்டனைச் சட்டத்தின் சொல் தண்டனைச் சட்டத்திலேயே தங்கிவிட, மருத்துவத்துக்கெனப் புதிய சொல் ஒன்று ஆக்கப்பட்டது. ஒரே செயல் மருத்துவமனைக்குள் ஒரு பெயரும் வெளியே வேறொரு பெயரும் பெற்றது.

அதன் 3ஆம் பிரிவு, தண்டனைச் சட்டத்தில் என்ன கூறப்பட்டிருப்பினும், இச்சட்டத்துக்கு இணங்கக் கருவை முடிவுறுத்தும் பதிவுபெற்ற மருத்துவர் குற்றவாளியாகார் என்று தொடங்குகிறது. இத்தொடரின் எழுவாய் மருத்துவர். பெண்ணுக்கு உரிமை உண்டு என்று சட்டம் எங்கும் கூறவில்லை. 12 வாரம் வரை ஒரு மருத்துவரும், 12 முதல் 20 வாரம் வரை இரு மருத்துவர்களும் நல்லெண்ணத்தில் கருத்துக்கொள்ள வேண்டும். பெண்ணின் உயிருக்கு ஆபத்து, உடல் அல்லது மன நலத்துக்குக் கடுந்தீங்கு, பிறக்கும் மகவுக்குக் கடும் ஊனம் நேரும் வாய்ப்பு ஆகியன ஏற்கத்தக்க காரணங்கள். வன்புணர்ச்சியால் நேர்ந்த கருவும், மணமான பெண் அல்லது அவள் கணவன் மேற்கொண்ட கருத்தடை முறை தவறியதால் நேர்ந்த கருவும் மனநலத்துக்குக் கடுந்தீங்கு விளைப்பனவாகக் கொள்ளப்படும் என இரு விளக்கங்கள் சேர்க்கப்பட்டன.

இவ்விரண்டாம் விளக்கம் நடைமுறையில் பெரும் கதவைத் திறந்தது. உண்மைக் காரணம் எதுவாயினும் கருத்தடை தவறியது எனப் பதிவுசெய்ய இயன்றது. ஆனால் அக்கதவு மணமான பெண்ணுக்கே சட்டத்தின் எழுத்தில் திறந்தது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக் கொள்கையின் முத்திரையும் இதில் தெரிகிறது. சட்டம் தளர்ந்தது பெண் தன் உடல்மீது முடிவுசெய்ய வேண்டும் என்பதற்காக மட்டுமன்று. சிறு குடும்பம் என்னும் அரசின் இலக்குக்கும் அது துணைநின்றது. கருவை நீக்க வந்த பெண்ணிடம் அறுவை முறைக் கருத்தடையையோ கருப்பையினுள் வைக்கும் சாதனத்தையோ ஏற்குமாறு வற்புறுத்தும் வழக்கம் பல பொது மருத்துவமனைகளில் வேரூன்றியது இக்கொள்கையின் விளைவே. தன்விருப்பத்துக்கு இடமளிப்பதாகத் தோன்றிய சட்டம் மற்றொரு வகையில் விருப்பத்தைப் பறித்தது.

7. மருத்துவ நலம்

சட்டம் அனுமதித்தது வேறு, கிடைத்தது வேறு. அரசு மருத்துவமனைகளிலும் அரசின் ஒப்புதல் பெற்ற இடங்களிலும் மட்டுமே சிகிச்சை அளிக்கலாம்; உரிய பயிற்சி பெற்ற மருத்துவர் மட்டுமே அதனைச் செய்யலாம். இவை பாதுகாப்புக்காக வகுக்கப்பட்ட விதிகள். ஆயினும் பயிற்சி பெற்றோர் நகரங்களில் குவிந்திருந்தமையால் சிற்றூர்ப் பெண்ணுக்கு அனுமதி ஏட்டளவில் நின்றது. இரண்டாவது மூன்று மாதங்களில் இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும் என்னும் விதி, ஒரு மருத்துவரே அரிதாக உள்ள இடங்களில் மறுப்புக்கு இணையாயிற்று. வறுமை, அறியாமை, தொலைவு ஆகியவற்றால் காலந்தாழ்த்தி வருவோரே இவ்விதியால் மிகுதியும் பாதிக்கப்பட்டனர்.

2002ஆம் ஆண்டுத் திருத்தம் தனியார் இடங்களுக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரத்தை மாவட்ட அளவிலான குழுக்களுக்கு அளித்தது. தகுதியற்றோர் செய்தால் 2 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல் என வகுத்தது. அதே காலத்தில் மிஃபெப்ரிஸ்டோன் மருந்து இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. சட்டத்தைவிட இம்மருந்தே நிலைமையைப் பெரிதும் மாற்றியது. 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்த கருக்கலைப்புகளின் எண்ணிக்கை 1 கோடியே 56 இலட்சம் என்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றுள் 81 விழுக்காடு மருந்தின் வழி நிகழ்ந்தவை. மொத்தத்தில் 73 விழுக்காடு மருத்துவ நிலையங்களுக்கு வெளியே மருந்தின் வழி நிகழ்ந்தவை. கொடிவேலி வேரின் இடத்தை மாத்திரை பிடித்தமையால் இறப்புக்கான வாய்ப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் பெரும்பான்மைப் பெண்கள் இன்னும் சட்டம் வகுத்த வாயிலின் வழியே வரவில்லை என்பதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன.

பாலினத் தேர்வைத் தடுக்க 1994இல் இயற்றப்பெற்று 1996 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் மற்றொரு சிக்கலை விளைத்தது. 6 வயதுக்குட்பட்டோரில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 2001இல் 927ஆகக் குறைந்தது. இதனைத் தடுக்க வேண்டிய தேவை ஐயத்திற்கிடமற்றது. ஆயினும் அச்சட்டம் தடுத்தது சிசுவின் பாலினத்தைக் கண்டறிவதையும் தெரிவிப்பதையுமே, கருக்கலைப்பை அன்று. பரப்புரையிலும் அதிகாரிகளின் சோதனையிலும் இவ்வேறுபாடு மங்கியது. வேறு காரணங்களுக்காக நான்காம், ஐந்தாம் மாதத்தில் வந்த பெண்களையும் மருத்துவர்கள் திருப்பியனுப்பலாயினர்; சில இடங்களில் மருந்துக்கடைகள் மாத்திரைகளை இருப்பு வைக்கத் தயங்கின.

சட்டத்தின் அச்சம் மருத்துவரின் கையைக் கட்டும்போது நேரும் விளைவுக்கு அயர்லாந்து நிகழ்ச்சியொன்று சான்றாகும். இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டதற்கு மறு ஆண்டு, 1861இல், பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கருக்கலைப்புப் பிரிவுகள் அயர்லாந்தில் 2013 வரை நடைமுறையில் இருந்தன. கர்நாடகத்தின் பெல்காமைச் சேர்ந்த 31 வயதுப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 2012 அக்டோபரில் கால்வே நகர மருத்துவமனையில் 17ஆம் வாரத்தில் கருச்சிதைவுக்கு உள்ளானார். கரு பிழைக்காது என அறிந்த பின்னரும், அதன் இதயத்துடிப்பு நிற்கவில்லை என்பதால் அவர் வேண்டிய கருக்கலைப்பு செய்யப்படவில்லை. நஞ்சேற்றத்தால் அக்டோபர் 28 அன்று அவர் உயிர் நீத்தார். அவருக்கு நேர்ந்தது தானே கலையத் தொடங்கிய கரு. அதனை முடிவுறுத்துவது கலைத்தலாகிவிடுமோ என்னும் ஐயமே காலத்தாழ்வுக்கு ஒரு காரணமாயிற்று. 2018 மே 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் அந்நாட்டு அரசியலமைப்பின் தடையை நீக்க வாக்களித்தனர்.

8. அந்தரங்கம்

1971ஆம் ஆண்டுச் சட்டம் அந்தரங்கத்தை அறவே புறக்கணித்ததெனக் கூறல் பொருந்தாது. 1975ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், சேர்க்கைப் பதிவேட்டை மறைபொருள் ஆவணமாக்கின. பெண்ணின் பெயரைப் பிற ஏடுகளில் எழுதாது வரிசை எண்ணையே குறிக்க வேண்டும். இசைவுப் படிவம் முத்திரையிட்ட உறையில் இருக்க வேண்டும் என அவை வகுத்தன. வயதுவந்த பெண்ணுக்கு அவளது இசைவு ஒன்றே போதும் என்பதும் 3ஆம் பிரிவின் தெளிவான விதி.

நடைமுறையில் இவ்விதி எளிதில் நிலைபெறவில்லை. கணவனின் கையொப்பம் கேட்பது மருத்துவமனைகளில் வழக்கமாயிற்று. பின்னர் வழக்கு வந்தால் தற்காத்துக்கொள்ள இது உதவும் என்பது மருத்துவர்களின் எண்ணம். குற்றச் சட்டம் பின்னணியில் நிற்கும்போது, சட்டம் கேளாத சான்றையும் மருத்துவர் கேட்கிறார். கணவனின் இசைவின்றிக் கருவை நீக்கிய மனைவிமீதும் மருத்துவர்கள்மீதும் இழப்பீடு கோரித் தொடுக்கப்பட்ட வழக்கொன்றில், மனைவியின் இசைவே போதும் எனப் பஞ்சாப் – அரியானா உயர்நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2017இல் அதில் தலையிட மறுத்தது. ஆனால் 2007ஆம் ஆண்டில் சமர் கோஷ் வழக்கில் அதே உச்சநீதிமன்றம், தக்க காரணமின்றிக் கணவன் அறியாமல் கருவை நீக்குவது மணமுறிவுக்குரிய மனக்கொடுமையாகலாம் என்று எடுத்துக்காட்டியிருந்தது. ஒரு சட்டத்தின்கீழ் உரிமையானது மற்றொரு சட்டத்தின்கீழ்க் கொடுமையாக எண்ணப்படும் நிலை இதனால் உருவாயிற்று.

18 வயது நிரம்பாத சிறுமியர் நிலை இதனினும் இடர்மிக்கது. 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சிறுமியைக் காக்க வந்த இவ்விதி, மருத்துவரை நாடினால் காவல்நிலையத்தையும் எதிர்கொள்ள நேரும் என்னும் அச்சத்தையும் விளைத்தது. அவ்வச்சம் சிலரை மீண்டும் மறைவிடங்களுக்கே செலுத்தியது. 2022இல் உச்சநீதிமன்றம், சிறுமியும் காவலரும் வேண்டினால் அவளது அடையாளத்தை வெளியிடாமலேயே மருத்துவர் தகவல் அளிக்கலாம் என்று விளக்கி இச்சிக்கலைத் தணித்தது.

9. உரிமையை நோக்கி

நீதிமன்றங்களின் மொழி மெல்ல மாறியது. பெற்றோர் விழைவுக்கு மாறாகத் தன் கருவைச் சுமக்க விரும்பிய சிறுமியின் விருப்பத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 1990களின் தொடக்கத்தில் மதிப்பளித்தது. சுசிதா ஸ்ரீவத்சவா வழக்கில் 2009 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம், மகப்பேறு பற்றிய தேர்வு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் தனிமனித விடுதலையின் கூறு என்று அறிவித்தது. அவ்வழக்கில் காக்கப்பட்டதும் கருவைச் சுமக்க விழைந்த மனவளர்ச்சி குன்றிய பெண்ணின் விருப்பமே. உரிமை என்பது கலைப்பதற்கு மட்டும் உரியதன்று, சுமப்பதற்கும் உரியது என்பதை இவ்விரு தீர்ப்புகளும் உணர்த்துகின்றன. அரசோ குடும்பமோ பெண்ணுக்காக முடிவுசெய்யலாகாது என்பதே இரண்டுக்கும் பொதுவான அடிப்படை.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென ஒருமனதாக அறிவித்தது. அதற்கு முந்தைய சூலையில் தான், சண்டிகரைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமியின் கருவை நீக்க அனுமதி மறுக்கப்பட்டது. கரு 32 வாரத்தைக் கடந்துவிட்டமையால் அது அவளுக்குத் தீங்காகும் என மருத்துவக் குழு கருதியது. அவள் அதே ஆகஸ்டில் மகப்பேறு பெற்றாள். தன் உடலில் நிகழ்வது இன்னதென்று அறியாத பருவத்தினள் காலவரம்புக்குள் வந்து முறையிட இயலாள். வாரக் கணக்கை மட்டும் அளவுகோலாகக் கொண்ட சட்டத்தின் எல்லை இதனால் வெளிப்பட்டது.

2021ஆம் ஆண்டுத் திருத்தம் செப்டம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும் என்றும், சில வகைப்பட்ட பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்துடன் இயலும் என்றும், சிசுவுக்குக் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டால் வரம்பில்லை என்றும் அது வகுத்தது. ‘கணவன்’ என்ற சொல் நீங்கித் ‘துணைவர்’ என்னும் பொருளுடைய சொல் இடம்பெற்றது. பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவோருக்கு ஓராண்டு வரை சிறை என 5அ பிரிவு சேர்க்கப்பட்டது. 2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி தனஞ்செய சந்திரசூட் தலைமையிலான அமர்வு, மணமாகாத பெண்ணுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்றும், மணஉறவுக்குள் நிகழும் வன்புணர்ச்சியும் இச்சட்டத்தின் நோக்கத்திற்கு வன்புணர்ச்சியே என்றும் தீர்ப்பளித்தது. குடும்பத்தாரின் இசைவு போன்ற சட்டம் வேண்டாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கலாகாது என்றும் அறிவுறுத்தியது.

ஆயினும் 2023 அக்டோபர் 16 அன்று, இரு குழந்தைகளின் தாயான மணமான பெண் ஒருத்தி 26 வாரங்களைக் கடந்த நிலையில் கோரிய அனுமதியை உச்சநீதிமன்றம் மறுத்தது. 24 வாரம் கடந்துவிட்டது, உயிருக்கு உடனடி ஆபத்தோ சிசுவுக்குக் குறைபாடோ இல்லை என்பன காரணங்கள். முதலில் அனுமதியும், பின்னர் நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடும், இறுதியில் மறுப்புமாக ஒரே வாரத்தில் அவ்வழக்கு சென்றது. உரிமை பற்றிய உயர்ந்த மொழியும் சட்டப் பிரிவின் எழுத்தும் எதிர்கொண்டபோது எழுத்தே வென்றது.

10. முடிவுரை

1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 2024 சூன் 30 உடன் முடிவுக்கு வந்தது. சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88 முதல் 92 வரையுள்ள பிரிவுகளில் பழைய 312 முதல் 316 வரையுள்ள பிரிவுகள் ஏறத்தாழ அவ்வாறே இடம்பெயர்ந்துள்ளன. சிசுவின் அசைவு என்னும் எல்லைக்கோடும், தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளி என்னும் விளக்கமும் தொடர்கின்றன. எண் மாறியது, பொதுவிதி மாறவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் கருத்துகள் மூன்று. தடை கருக்கலைப்பை நிறுத்தவில்லை. அது நிகழும் இடத்தையும் அதன் ஆபத்தையுமே மாற்றியது. குற்றம் பொதுவிதியாக நிற்கும்வரை மருத்துவர் தற்காப்பை நாடுகிறார். அதன் சுமை கையொப்பமாகவும் காலத்தாழ்வாகவும் நீதிமன்ற அலைச்சலாகவும் பெண்மீது விழுகிறது. பெண்ணின் உரிமையை நீதிமன்றங்கள் அரசியலமைப்பில் கண்டுள்ளன. சட்டத்தின் எழுவாய் இன்னும் மருத்துவரே. கலைந்ததா, கலைத்ததா என்று பெண்ணைக் கேட்கும் அதிகாரம் 1837இல் வரைந்தோருக்கே அச்சம் தந்த ஒன்று. அந்த அச்சத்தை அவர்கள் குடும்பத்தின் மானத்தை முன்னிட்டு எழுதி வைத்தனர். அதனைப் பெண்ணின் நலத்தையும் அந்தரங்கத்தையும் முன்னிட்டு மீண்டும் படிக்கும்போது, பொதுவிதியையே மறு ஆய்வுக்கு உட்படுத்த வேண்டிய தேவை தெளிவாகிறது.